பச்சையாகத் தெரியும் நீரெல்லாம் தீனி ஆகாது

மட்டக்களப்பு வாவியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத, இறாலுக்கு உறவான கோப்பிபொட்டுகள் என்னும் மிகச் சிறு உயிர்கள் ஆண்டு முழுக்கப் பாசி மேய்கின்றன. நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் முட்டை ஓரிரு வாரங்களில் முதிர்ந்த உயிராகிவிடும். சேமிப்பு அதிகம் தேவையில்லை. ஆர்க்டிக் கடலின் கலானஸ் கிளாசியாலிஸுக்கு அந்த வசதி கிடையாது. குறுணி அரிசி அளவே உள்ள இந்தக் கோப்பிபொட் வளர ஓர் ஆண்டு, பல இடங்களில் இரண்டு ஆண்டு ஆகும். தீனியோ சில மாதங்களுக்குத்தான்.

வசந்தத்தில் கடற்பனியின் அடிப்பக்கத்தில், கடைசிச் சில சென்ரிமீற்றரில், தயற்றங்கள் என்னும் சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள் பழுப்புப் படலமாக வளரும். சுற்றியுள்ள நீர் மைனஸ் 1.8 பாகை. அந்தக் குளிரிலும் கலமென்சவ்வு இறுகாமல் இருக்க, ஈபிஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலம் அவற்றில் நிறைய இருக்கும். கோப்பிபொட்டால் அதைப் போதிய அளவு தானே உண்டாக்க முடியாது. சிலிக்கா முனை கொண்ட தாடையால் தயற்ற ஓட்டை உடைத்துத் தின்கிறது. குடலில் கொழுப்பு பிரிந்தபின் ஈபிஏ ஏறக்குறைய மாறாமலே சவ்வுக்கும் முட்டைக்கும் போகிறது. மிச்சத்தைத் தான் தயாரிக்கும் நீண்ட சங்கிலி அற்ககோலோடு சேர்த்து மெழுகு எண்ணெயாக்கி உடலின் எண்ணெய்ப் பையில் வைக்கும். குளிர்காலம் தொடங்கும்போது உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கலாம். ஆழத்தில் உறங்கிக் கழிக்கும் மாதங்களுக்கு அதுவே எரிபொருள்.

பிழைப்பது காலக்கணக்கில். தாய் பனிப்பாசியைத் தின்று முட்டையிடும். பொரித்த குடம்பி முதல் இரண்டு பருவங்களில் எதுவும் தின்னாது. மூன்றாம் பருவத்தில்தான் வாய் திறக்கும். குளிர்நீரில் இதற்கு வாரக்கணக்காகும். அதற்குள் பனி உருகி, திறந்த நீரில் தாவரப் பிளாந்தன்கள் என்னும் மிதக்கும் நுண்பாசிகள் பெருக வேண்டும். பனி முந்தி உருகினால் பெருக்கமும் முந்திவிடும். குடம்பி வாய் திறக்கும்போது பாசிக்கு உரமாகும் நைத்திரேற்றுத் தீர்ந்திருக்கும். நைத்திரேற்று இல்லாமல் கடும் வெளிச்சத்தில் நிற்கும் பாசி வெறும் சேமிப்புக் கொழுப்பைக் கூட்டும், ஈபிஏயின் பங்கு குறையும். பாசி எவ்வளவு என்று காட்டும் பச்சை நிறமியான குளோரோபில்லின் அளவை மட்டும் பார்த்தால் இந்தக் குறை தெரியாது.

நம் வாவியிலும் தரமே முக்கியம். படுவான்கரை வயல்நீர் கொண்டுவரும் உரச்சத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகினால், நீர் பச்சையாகத் தோன்றினாலும் மேய்வனவற்றுக்கு அது நல்ல தீனி அல்ல. அதில் மேய்வனவற்றுக்குத் தேவையான ஸ்ரெரோல் என்னும் கொழுப்புப் பொருளும் நீண்ட சங்கிலி ஒமேகா-3யும் இல்லை என்றே சொல்லலாம்.

கொடுவா மீன் குஞ்சு வளர்ப்போர், அதற்குத் தீனியாகும் ஆட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலுக்கு எண்ணெய்க் குழம்பு ஊட்டுவதும் இதனால்தான். ஆட்டீமியாவில் டிஎச்ஏ என்னும் இன்னொரு ஒமேகா-3 மிகக் குறைவு. பொரித்த உடனே குழம்பைக் கலந்தால் வீண், ஏறக்குறைய 8 மணி நேரம் கழித்துத் தோலுரித்த பின்னரே அது தின்னத் தொடங்கும். ஊட்டியதும் குஞ்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். சூடான நீரில் விட்டுவைத்தால் ஆட்டீமியா டிஎச்ஏயை ஈபிஏயாக மாற்றிவிடும், ஊட்டிய எண்ணெயின் பயன் குறைந்துவிடும்.