ஈர டென்ட்டைப் பைக்குள் திணிக்காதீர்கள், தயவுசெய்து

போன வாரமும் ஒன்று வந்தது. பையின் வாயைத் திறந்ததுமே பட்டறை முழுக்க வாந்தி நாற்றம். ஒரே ஒரு பயணம் போய்வந்துவிட்டு, அப்புறம் சில வருடம் பரணில் கிடந்த டென்ட். மடிப்பைப் பிரிக்கப் போனால் துணியோடு துணி ஒட்டிக்கொண்டு சர்ரென்று சத்தம் போடுகிறது. உள்பக்கம் விரலை வைத்தால் பிசுபிசுக்கிறது. தரைத்துணியின் மூலைகளில் பூச்சு வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. தையல் ஓரமெல்லாம் கருப்புப் புள்ளிகள். கொண்டுவந்தவருக்கு என்மேலேயே கோபம். “வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தானே வித்தாங்க? தண்ணி பட்டா இப்படி ஆகுமா?”

டென்ட், முதுகுப்பை, மழைக்கோட்டு இவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். கிழிந்த துணியைத் தைக்கலாம், உடைந்த கம்பியை மாற்றலாம், ஜிப்பைப் புதிதாகவே போடலாம். பூச்சு இப்படிப் போய்விட்ட டென்ட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியும். காற்றிலும் மழையிலும் அடிபட்டு என்னிடம் வருபவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை வீட்டில், பைக்குள், யாரும் தொடாமலேயே கெட்டவை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்த ‘வாட்டர்ப்ரூஃப்’ விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். டென்ட் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான். அந்தத் துணி தண்ணீரைத் தடுக்காது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, தண்ணீர் தாராளமாக இறங்கும். தடுப்பது அதன்மேல் மெல்லிசாக இருக்கும் பூச்சு, பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக். மேல்துணியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் சாதாரணத் துணியாகவும் மறுபக்கம் கொஞ்சம் பளபளப்பாக, ரப்பர் தடவியது போலவும் இருக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ‘வாட்டர்ப்ரூஃப்’ அந்தப் பளபளப்புதான். தண்ணீர் தன்னைத் தாண்டிப் போகாமல் அது தடுக்கும். அதற்காகத் தண்ணீரால் அதற்கு எந்தக் கெடுதலும் வராது என்று யாரும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லா வினையும் தொடங்குகிறது.

நீராற்பகுப்பு என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்து நீண்ட நாள் கூடவே இருந்தால் பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துகொண்டே போகும். முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் நாற்றம், கடைசியில் செதில். பல வருடம் பெட்டியில் வைத்திருந்த ஷூவை ஆசையாக எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிருமே, பெரும்பாலும் அதுவும் இதே கதைதான். ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டும் மழையால் பூச்சுக்கு இது நடக்காது. மழைத்தண்ணீர் வழிந்து ஓடிவிடும், காற்றடித்தால் மிச்சமும் காயும். பைக்குள் சுருட்டி வைத்த ஈரம் எங்கே போகும்? நல்ல பூச்சு இருக்கிற துணி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது.

“மூவாயிரம் போட்டிருக்கே” என்று லேபிளைக் காட்டுபவர்களும் உண்டு. 1500, 2000, 3000 என்று எழுதியிருப்பது தண்ணீர்த் தூணின் உயரம், மில்லிமீட்டரில். ஐ.எஸ்.ஓ. 811 என்ற தர முறைப்படி ஒரு துண்டுத் துணியை இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கம் நீரழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்று இடங்களில் துளி எட்டிப் பார்க்கும்போது அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் அந்த எண். சோதிக்கப்படுவது துணி மட்டும். தையல், ஜிப், பரணில் கிடக்கப்போகும் வருடங்கள் எதைப் பற்றியும் அது பேசவில்லை. 3000 உள்ள டென்ட்டை ஈரமாக வைத்தால் 1500 உள்ளதைவிட இரண்டு மடங்கு நாள் தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த பதில் எனக்கு மனப்பாடம்: “மழையே பெய்யலைங்க, காஞ்ச டென்ட்டைத்தான் மடிச்சேன்.” மழை பெய்யாவிட்டாலும் பனி பெய்யும். உள்ளே தூங்கும் ஒவ்வொருவரும் விடும் மூச்சில் நீர் இருக்கிறது. தரைத்துணியின் அடிப்பக்கம் மண்ணின் ஈரத்தோடு ராத்திரி முழுக்க ஒட்டியே கிடந்திருக்கிறது. அதைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? “துடைச்சேன்” என்பது இன்னொரு வகை. துணி நடுவில் காய்ந்திருக்கும். மூலையில் கயிறு கட்டுவதற்காக நாலு மடிப்பாகத் தைத்த பட்டை, ஜிப்பை மூடும் மடிப்பு, தரைத்துணியும் சுவரும் சேரும் தையல், இவை உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து அந்தப் பட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பிடியுங்கள். பேப்பரில் ஈரக் கறை விழுந்தால் டென்ட் காயவில்லை. என் கண்ணில் படும் கருப்புப் புள்ளிகள் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் ஆரம்பிக்கின்றன.

மழையில் மடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் மடியுங்கள், தப்பில்லை. வீட்டுக்கு வந்த அன்றே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி, அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும். நிறுத்த இடம் இல்லாவிட்டால் கொடியிலோ கதவின் மேலோ நிழலில் தொங்கவிட்டு, அவ்வப்போது புரட்டிப் போடுங்கள். போதும்.

இனிப் புது டென்ட். வாங்கிய வாரத்திலேயே வீட்டில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். இருட்டும் நேரத்தில், காற்றில், முதல்முறையாகப் பையைப் பிரித்துக் குறிப்புத்தாளை டார்ச் அடித்துப் படிப்பவர்கள்தான் கம்பியை உடைக்கிறார்கள். கம்பித் துண்டுகளை உதறி, உள்ளிருக்கும் ரப்பர் கயிறு தானாக இழுத்து ‘டக் டக்’ என்று சேர்வதை வேடிக்கை பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. ஒவ்வோர் இணைப்பையும் கையால் முழுக்க உள்ளே செருகுங்கள். அரைகுறையாகச் செருகிய கம்பியை வளைத்தால் மொத்தப் பாரமும் குழாயின் விளிம்பில் விழும், விளிம்பு பிளக்கும், அந்தப் பிளவு அடுத்த தடவை துணியைக் கிழிக்கும். துணிக் குழலுக்குள் கம்பியைத் தள்ளித்தான் நுழைக்க வேண்டும், வெளியே எடுக்கும்போதும் தள்ளித்தான் எடுக்க வேண்டும். இழுத்தால் துண்டுகள் உள்ளே பிரிந்துவிடும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் ரப்பர் கயிறு இரண்டு பக்கமும் சமமாக நீளும்.

நிறுத்தியபின் உள்ளே போய்த் தையல்களைப் பாருங்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அதை மறைக்க உள்பக்கம் கண்ணாடி போன்ற டேப் ஒட்டியிருப்பார்கள். எங்காவது தூக்கிக்கொண்டு நின்றால் மாற்றிக் கேட்க அதுதான் நேரம். டேப்பே இல்லையென்றால் நீங்களே தையல் அடைப்புப் பசை பூச வேண்டியிருக்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாலியூரித்தேன் பூசிய துணிக்கு ஒரு பசை, சிலிக்கோன் பூசிய துணிக்கு வேறு பசை. சிலிக்கோன் துணியில் சிலிக்கோனைத் தவிர எதுவும் ஒட்டாது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். சீம் கிரிப் என்று விற்பதில்கூட இரண்டு வகை உண்டு, டப்பாவைப் படித்து வாங்குங்கள். பூசி முடித்துக் காய்ந்தபின் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மேலே மழை மாதிரி அடித்துப் பாருங்கள். அப்புறம் அதையும் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

பருத்திக் கான்வாஸ் டென்ட்டுக்கு முறை வேறு. பூச்சில்லாத புதுக் கான்வாஸ் முதல் மழையில் தையல் வழியே சொட்டத்தான் செய்யும். நிறுத்தி வைத்து நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நூல் உப்பி ஊசி ஓட்டைகளை அடைத்துவிடும்.

“ஒழுகுது” என்று வரும் புது டென்ட்களில் நிறைய ஒழுகுவதே இல்லை. உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி இறங்குகிறது. தையல் ஓரமாக ஒரே இடத்தில் சொட்டினால் ஒழுகல். மேல்துணியின் உள்பக்கம் முழுக்கப் பரவலாக வியர்த்திருந்தால் உங்கள் மூச்சு. குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மூடாதீர்கள்.

இப்போது வாஷிங் மெஷின். வேண்டாம். ‘டெலிகேட்’ சுழற்சியில் போட்டாலும் வேண்டாம். வலைத்துணி சிக்கிக் கிழியும், தையல் டேப் உரியும். உலர்த்தும் மெஷினின் சூடு இன்னும் மோசம். சலவைத்தூளில் இன்னொரு சிக்கல்: அதன் எச்சம் துணியில் தங்கித் தண்ணீரை ஈர்க்கும், மேலே விழும் துளி முத்தாக உருண்டு ஓடாமல் துணியில் ஊறத் தொடங்கும். ப்ளீச் பக்கமே போகாதீர்கள். மண்ணைக் காயவிட்டுத் தட்டுங்கள், மிச்சத்தை ஸ்பாஞ்சால் வெறும் தண்ணீரில் துடையுங்கள். அழுக்கு அதிகம் என்றால் நிக்வாக்ஸ் டெக் வாஷ் போன்ற, இந்த வகைத் துணிகளுக்கென்றே வருகிற சோப்பு போதும். பறவை எச்சம், மரப்பிசின் இரண்டையும் மட்டும் உடனே துடைத்துவிடுங்கள்.

வெயில் பற்றி யாரும் கேட்பதே இல்லை. நிறுத்தியபடியே வாரக்கணக்கில் வெயிலில் விட்ட நைலான், பார்க்க நன்றாகவே இருக்கும். கையில் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தால் காகிதம் மாதிரி கிழியும். புற ஊதாக் கதிர் அப்படி அரித்துவிடுகிறது. நிழல் கிடைக்கிற இடத்தில் நிறுத்துங்கள். காயவைப்பதும் நிழலில்தான்.

ஜிப்பின் எதிரி மணல். பல் தேய்ந்து வருவது அபூர்வம். மணலோடு சேர்த்து இழுத்து இழுத்து, பல்லைச் சேர்க்கும் ஸ்லைடரின் உள்பக்கம்தான் தேய்கிறது, அப்புறம் பின்னாலேயே திறந்துகொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் இன்னும் மணலைச் சேர்க்கும். கடலோரம் போய்வந்தால் ஜிப்பையும் கம்பியையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

தரைத்துணிக்கு அடியில் ஒரு விரிப்பு போடுவது நல்லது. அது டென்ட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். கொசு விரட்டி ஸ்ப்ரேயை டென்ட்டுக்குள் நின்று அடிக்காதீர்கள். பல ஸ்ப்ரேக்களில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், ஜன்னல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பகுதிகள் மங்கிப்போகும்.

தரைத்துணியில் வட்டமாக உருகிய ஓட்டையோடும் டென்ட் வருகிறது. உள்ளே அடுப்பு வைத்திருக்கிறார்கள். இதைத் திட்டிச் சொல்ல மனம் வரவில்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன். துணி எரிந்தால் ஒட்டுப் போட்டுத் தருவேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கிக்கொண்டிருப்பவரை அது எழுப்பாது. தணல் அணைந்த மாதிரி தெரிகிற கரி அடுப்பைக் கூடக் குளிருக்காக உள்ளே எடுத்து வராதீர்கள், அதிலிருந்தும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டில் வைக்கும்போது கூடவே வந்த அந்த இறுக்கமான பையை மறந்துவிடுங்கள். அது தூக்கிக்கொண்டு போவதற்கு. பழைய தலையணை உறை, பெரிய துணிப்பை ஏதாவது ஒன்றில் தளர்வாகப் போட்டு, காற்றோட்டமுள்ள, சூடில்லாத இடத்தில் வையுங்கள். கார் டிக்கியும், வெயில் காயும் கூரைக்குக் கீழே இருக்கும் பரணும் ஆகாது. சுருட்டலாமா, மடிக்கலாமா, திணிக்கலாமா என்று ஒரு பெரிய விவாதமே உண்டு. ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில் மடிக்காமல் இருந்தால் சரி. அதே கோட்டில் மடித்தால் பூச்சு அங்கே விரிசல் விடும்.

பூஞ்சணம் ஏற்கெனவே வந்துவிட்டதா? வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டி, இதற்கென்று விற்கும் கிளீனரால் கழுவிக் காயவையுங்கள். வாசனை போகும், பரவுவது நிற்கும். கருப்புக் கறை போகாது. பூச்சு ஒரு சின்ன இடத்தில் மட்டும் உரிந்திருந்தால் தேய்த்தெடுத்து மேலே பூசலாம். முழுக்கப் பிசுபிசுத்தால் என்னிடம் கொண்டுவர வேண்டாம், வந்த செலவுதான் மிச்சம்.

கிழிசல், கம்பி, ஜிப் என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். டென்ட்டைக் காயவைத்து, கம்பி, ஆணி எல்லாம் சேர்த்து, பழுதான இடத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து எடுத்து வாருங்கள். போகிற வழியில் கிழிந்தால் துணிக்கென்று வரும் ஒட்டு டேப்பைப் போடுங்கள். டக்ட் டேப் மட்டும் வேண்டாம். அதன் பசையைச் சுரண்டி எடுப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது, அந்தக் கூலியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.