ஆயில் டப்பாவின் பின்பக்கம்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதோ ஒன்பதாவதோ திரும்பும்போதுதான் வண்டியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் உறுமுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. முதல் கியருக்கு இறக்கினால் இழுக்கிறது. மூன்றாவதுக்குப் போனதும் மறுபடி வெற்று உறுமல். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, இறங்கி நடக்கட்டுமா என்று கேட்டார். பாதி கேலி, பாதி அக்கறை.

காரணம் நான்தான். ஒரு வாரம் முன்பு வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். மைத்துனரின் காருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஆயில், முழு சிந்தடிக், 5டபிள்யூ-30, நான் வழக்கமாக வாங்குவதைவிட விலை கூடியது. என் 150 சிசி வண்டிக்கு விருந்து வைத்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

விருந்து ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் காரும் பைக்கும் கட்டப்பட்டிருக்கும் விதம். கியர் மாற்றி ஓட்டும் சாதாரண காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினோடு நின்றுவிடும். கியர் பெட்டிக்குத் தனி ஆயில். கிளட்ச் ஆயிலே படாமல் உலர்ந்த நிலையில் வேலை செய்கிறது. இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. பிஸ்டனுக்கும் கியர்ப் பற்களுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில், ஒரு லிட்டர் சொச்சம். பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை நன்றாகத் தெரியும். திருவொற்றியூரில் உருவான அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகளில் இன்ஜின், கிளட்ச் அறை, கியர் பெட்டி மூன்றும் தனித்தனி, ஊற்றுவதும் தனித்தனி. பிந்தைய இன்ஜின்களில்தான் எல்லாம் ஒரே குடும்பமாயின.

கிளட்சைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குக் கதை எளிதாகப் புரியும். அலுமினியக் கூடை ஒன்றுக்குள் தட்டுகள் அடுக்கியிருக்கும். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் எஃகுத் தட்டு ஒன்று, மறுபடி உராய்வுத் தட்டு என்று மாறி மாறி. ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. இன்ஜினின் சக்தி முழுவதும் இந்தப் பிடி வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. இந்த அடுக்கு மொத்தமும் ஆயிலில் நனைந்தபடியே சுழல்கிறது. ஆகவே பைக்கின் ஆயிலுக்கு இரண்டு முரண்பட்ட கட்டளைகள்: பிஸ்டன் அருகே வழுக்க வேண்டும், கிளட்சில் வழுக்கக்கூடாது.

கார் ஆயிலுக்கு இரண்டாவது கட்டளை கிடையாது. மைலேஜைக் கொஞ்சம் கூட்டுவதற்காக அதில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். மாலிப்டினம் சேர்மங்கள் அவற்றில் ஒரு வகை. இவற்றின் மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, மேலே வருவதை வழுக்கி விடுகின்றன. சிலிண்டர் சுவரில் அது நல்ல காரியம். கிளட்ச் தட்டில் பாசி படிந்த குளத்துப் படிக்கட்டு. டப்பாவில் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐயின் வட்ட முத்திரை இருந்தால் அதன் கீழ் வளைவைப் பாருங்கள். 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றோ, பழைய டப்பாக்களில் 'எனர்ஜி கன்சர்விங்' என்றோ இருந்தால் அது ஈரக் கிளட்ச் உள்ள பைக்குக்கு வேண்டாம். என் மைத்துனரின் டப்பாவில் அது தெளிவாகவே அச்சாகியிருந்தது. நான் முன்பக்கத்தோடு நின்றுவிட்டேன்.

பைக் ஆயிலுக்கென்று தனி அளவுகோல் ஜப்பானில் 1998இல் வந்தது. அதுதான் டப்பாவின் பின்பக்கச் சிறு கட்டத்தில் இருக்கும் ஜாஸோ குறியீடு. சோதிக்க வேண்டிய ஆயிலில் கிளட்ச் தட்டுகளை நனைத்து ஓர் இயந்திரத்தில் சுழற்றுகிறார்கள். சுழலும்போது எவ்வளவு உராய்வு, நின்ற நிலையில் எவ்வளவு பிடிப்பு, பிடித்து நிறுத்த எவ்வளவு நேரம் என்று மூன்றையும் அளக்கிறார்கள். உராய்வு போதுமான அளவுக்கு இருந்தால் எம்ஏ. அந்த வகையிலேயே கூடுதல் பிடிப்புள்ளது எம்ஏ2. வழுக்கல் அதிகமானது எம்பி. கியர்ப் பற்களின் நசுக்கலை ஆயில் தாங்குகிறதா, சூட்டில் எவ்வளவு ஆவியாகிறது என்பதற்கும் இதில் வரம்புகள் உண்டு. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: அந்தக் கட்டத்துக்குள் இருப்பது தயாரித்த நிறுவனமே தரும் உத்தரவாதம். சோதனை முடிவைப் பதிவு செய்து, தன் பெயரைப் போட்டு, இதற்கு நான் பொறுப்பு என்கிறது நிறுவனம்.

எம்பி என்றால் மட்டமான ஆயில் என்று நினைத்துவிட வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் பெல்ட்டோடு தனி அறையில் உலர்ந்தபடி இருக்கிறது. ஆயில் அங்கே போவதே இல்லை. அதற்கு எம்பி தான் பொருத்தம், வழுக்கலால் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். ஸ்கூட்டருக்கு வாங்கிய எம்பி டப்பாவின் மிச்சத்தை அப்பாவின் பைக்கில் ஊற்றினால்தான் என் கதை திரும்ப நடக்கும்.

இனி டப்பாவில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கும் அந்த எண்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாது. சித்திரையில் தண்ணீராய் ஓடும். எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் ஏதோ ஓர் அளவில் உண்டு. 10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலும், 20டபிள்யூவைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் வைத்து, இன்ஜினைச் சுழற்ற விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஊட்டி உறைபனிகூட அதன் அருகில் வராது என்பதால் அந்த எண் நமக்கு வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. வீண் இல்லை. 40 டிகிரியில் ஒரு 10டபிள்யூ-30 ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, சுமார் 70 அலகு என்றால், 20டபிள்யூ-50க்கு அது 150ஐத் தாண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறி, இன்ஜின் தலையில் வால்வுகளைத் திறக்கும் ராக்கர் வரை போய்ச் சேர வேண்டும். இன்ஜின் தேய்வதில் கணிசமான பங்கு அந்த நேரத்தில்தான். இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டித்தன்மை மிஞ்சுகிறது என்பது. அதே அலகில் 30க்கு அந்த வரம்பு 9.3 முதல் 12.5 வரை, 50க்கு 16.3 முதல் 21.9 வரை.

சூட்டில் நீர்த்துப் போகாமல் தாங்கிப் பிடிப்பவை நீண்ட பாலிமர் இழைகள். குளிரில் சுருண்டு கிடக்கும், சூடானால் விரிந்து ஆயிலோடு சிக்கிக்கொள்ளும். பைக்கில் இவற்றுக்கு ஆயுள் குறைவு, ஏனென்றால் கியர்ப் பற்கள் இந்த இழைகளை நறுக்குகின்றன. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியதும் கியர் முரண்டு பிடிக்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது என்று சொல்வோமே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நறுக்கல்தான். ஆயில் கறுத்ததை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியில்லை. கரியைத் தன்னோடு சுமந்து திரிவது ஆயிலின் வேலைகளில் ஒன்று, ஆகவே அது கறுக்கத்தான் செய்யும்.

நம்மூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி என்பது இன்னும் பட்டறைகளில் ஓடும் வாதம். நான் இதை ஏற்பதில்லை. ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று எழுதியவர்களும், பல்சர் 150க்குப் பல ஆண்டுகளாக 20டபிள்யூ-50 என்று எழுதியவர்களும், ராயல் என்ஃபீல்டு 350க்கு 15டபிள்யூ-50 என்பவர்களும் இதே வெயிலில் வண்டி விற்பவர்கள்தான். பாகங்களுக்கிடையே விட்ட இடைவெளி, பம்பின் அழுத்தம், இன்ஜினின் சூடு எல்லாம் கணக்கில் வந்துதான் அந்த எண் கையேட்டில் ஏறுகிறது. மெல்லிய ஆயிலுக்காகக் கட்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலை ஓட்டம் மந்தமாகும், மைலேஜ் சரியும். நேர்மாறாகச் செய்தால் ஆயில் படலம் மெலிந்து உலோகச் சத்தம் வரும். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த மினரலா, வேதிமுறையில் உருவாக்கிய சிந்தடிக்கா என்ற கேள்விக்கு இவ்வளவு ஆவேசம் தேவையே இல்லை. சிந்தடிக் சூட்டில் மெதுவாகக் கெடுகிறது, உண்மை. தினம் இருபது கிலோமீட்டர் அலுவலகம் போய்வரும் நூறு சிசி வண்டிக்கு, நேரத்துக்கு மாற்றிய மினரல் ஆயில் போதும்; கையேடு சிந்தடிக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சிறு சூட்சுமம். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் இறங்கிய பிறகு அளவுக்கம்பியைத் துடைத்துச் செருக வேண்டும். திருகக்கூடாது, சும்மா உட்கார வைத்தால் போதும். திருகிப் பார்த்தால் கம்பி ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தாராளம் ஆகாது. கூடுதல் ஆயில் நுரைத்துப் போய் ஏர் ஃபில்டர் வரை எட்டிப்பார்க்கும்.

சேலம் திரும்பியதும் மெக்கானிக் கிளட்ச் மூடியைக் கழற்றினார். உராய்வுத் தட்டு ஒன்றை என் கையில் கொடுத்து விரலால் தேய்க்கச் சொன்னார். கண்ணாடி போலப் பளபளத்திருந்தது. வழுக்கி வழுக்கிச் சூடேறி மேல்பரப்பு மெருகேறிவிட்டதாம். ஐந்து தட்டுகளையும் மாற்றி, எம்ஏ2 ஆயில் ஊற்றி, காலி டப்பாவை என் கண் முன்னாலேயே ஆணியால் குத்தி ஓட்டை போட்டார், போலி ஆயில் நிரப்ப யாரும் எடுத்துவிடக்கூடாது என்று. மைத்துனரின் டப்பாவில் இன்னும் கால் லிட்டர் இருக்கிறது. வாசல் கேட் கீலுக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு விடுகிறேன், நன்றாகவே வழுக்குகிறது.