பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மாசி மாதம், காலை ஆறரை மணி. நண்பருக்காக 2004 மாடல் மாருதி ஜென் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்காரர் சாவி எடுக்க உள்ளே போன நேரத்தில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பனி படிந்து சில்லென்று இருந்தது. பின்னால் போய்க் குனிந்து சைலன்சர் குழாயையும் தொட்டேன். அதுவும் அப்படியே. சரி, இந்த வண்டியைப் பார்க்கலாம் என்று நண்பரிடம் சொன்னேன்.

இந்தப் பழக்கம் ஒரு நஷ்டத்தில் வந்தது. பல வருடங்களுக்கு முன் வேறொரு காரை மாலை நேரத்தில் போய்ப் பார்த்தேன். நான் போய்ச் சேரும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரவுண்டு ஓட்டினேன், சத்தமே இல்லாமல் போனது. பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் காலை செல்ஃப் அடித்ததும் பின்னாலிருந்த மதில் தெரியாத அளவுக்கு நீலப் புகை. அரை நிமிடத்தில் அது காணாமலும் போய்விட்டது. எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ராத்திரி பூரா நின்ன வண்டியத்தான் பாக்கோணும் கண்ணு. சூடாயிட்டா பாதி நோவு தெரியாது" என்றார்.

அந்தப் பாதி நோவு ஏன் சூட்டில் மறைகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அதற்கப்புறமும் சில வருடங்கள் ஆயின. பழைய கார் வாங்க ஆசைப்படுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் காரணம் உலோகம் விரிவது. ஜென்னின் 993 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 72 மில்லிமீட்டர். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் அலுமினியக் கலவை. அது உரசிக்கொண்டு ஓடும் சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 72 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.15 மி.மீ. பெரிதாகும். அதே அளவுள்ள வார்ப்பிரும்பு வளையம் 0.08 மி.மீ.தான் விரியும். போதாக்குறைக்கு, நெருப்பு நேராகப் படும் பிஸ்டன் தலை 200 டிகிரியைத் தாண்டிக் காயும். சிலிண்டர் சுவரோ, சூட்டைத் தணிக்கச் சுற்றிவரும் கூலன்ட் திரவத்தின் தயவில் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

அதனால் பிஸ்டனைச் செய்யும்போதே கொஞ்சம் சிறியதாகத்தான் செய்கிறார்கள். தலைப்பகுதி அடிப்பகுதியைவிட ஒரு இழை சிறுத்திருக்கும். மேலிருந்து அளந்தால் சரியான வட்டமாகவும் இருக்காது, லேசான நீள்வட்டம். சூடேறி ஓடும்போதுதான் அது தனக்குரிய வடிவத்துக்கு வந்து சிலிண்டரில் ஒழுங்காக உட்காரும். ஒரு பழைய பிஸ்டனை மைக்ரோமீட்டரில் வைத்துத் திருப்பித் திருப்பி அளந்து பாருங்கள். இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்களா என்று மலைப்பாக இருக்கும்.

புது எஞ்சினில் குளிர்ந்த நிலையிலும் இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் சில நூறில் ஒரு பங்குதான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த எஞ்சினில் அது கூடிவிடும். அப்போது வெடிப்பின் விசை விழுகிற கணத்தில் பிஸ்டன் சாய்ந்து எதிர்ச் சுவரில் இடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து கேட்கும் 'டொக் டொக்' அதுதான். ஐந்து நிமிடம் ஓடினால் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும், சத்தம் நின்றுவிடும். நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருப்பவருக்கு இந்த அறிவியல் தெரியாமல் இருக்கலாம். பலன் மட்டும் நன்றாகவே தெரியும்.

இரண்டாவது காரணம் எண்ணெய். இரவெல்லாம் நிற்கும் எஞ்சினில் ஆயில் மெல்ல வடிந்து அடித்தொட்டிக்கு வந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே ஏற்றிச் சேர்க்க ஓரிரு வினாடி பிடிக்கும். ஆயிலும் அந்த நேரத்தில் கெட்டியாக இருக்கும். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு இளகிப் பாயும். ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்கிற பாகங்களெல்லாம் அந்த முதல் வினாடிகளில் துணையில்லாமல் நிற்கும்.

காற்றையும் புகையையும் உள்ளே வெளியே விடும் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின் அல்லது பெல்ட். செயின் வண்டியில் இது காதுக்கே கேட்கும். நம் ஊரில் எத்தனையோ டீசல் கார்களில் வந்த 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் எஞ்சினில் இருப்பது செயின்தான். இந்த மாதிரி எஞ்சின்களில் செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்கும். அழுத்தம் வருவதற்குள், நீண்டுபோன செயின் 'கரகர'வென்று உறையில் அடிக்கும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, எஃகு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி உட்காரும் துளை துளியூண்டு தேய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் அந்தத் துளியெல்லாம் கூடினால் செயின் பல மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஜென் மாதிரி ரப்பர் பெல்ட் வண்டியில் இந்த வசதி கிடையாது. பெல்ட் காலையிலும் சத்தம் போடாது, மாலையிலும் போடாது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

இனி புகைக்கு வருவோம். அன்று என்னை ஏமாற்றிய நீலப் புகை வால்வு சீலிலிருந்து வந்தது. வால்வின் தண்டைச் சுற்றித் தொப்பி மாதிரி ஒரு சின்ன ரப்பர் சீல் இருக்கும். மேலே தேங்கும் ஆயில் தண்டு வழியாகக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பல வருடச் சூட்டில் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும். இரவு முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கித் தேங்கி, காலையில் முதல் வெடிப்பில் எரிந்து புகையாகும். தேங்கியது எரிந்து முடிந்ததும் புகையும் நின்றுவிடும். அதனால்தான் மாலையில் பார்த்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் புகை ஏன் நீலம்? சூட்டில் ஆவியான ஆயில் வெளிக்காற்று பட்டதும் மிக நுண்ணிய துளிகளாக மாறும். அவற்றில் பல ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. நீல ஒளியின் அலைநீளம் சுமார் 0.45 மைக்ரான், சிவப்புக்கு 0.65. இப்படிச் சிறிய துகள்கள் குறைந்த அலைநீளத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும் என்று 1871இல் இயற்பியலாளர் ரேலி கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குப்படி நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். வானம் நீலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தால் மலைத்தொடர் நீலமாகத் தெரிகிறதே, அதுவும் இடையில் இருக்கும் காற்று செய்யும் வேலைதான். தண்ணீர் ஆவி குளிர்ந்து வரும் துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. கரித்துகள் ஒளியை விழுங்கிவிடும், அதனால் கறுப்பு. புகையைப் பார்க்கும்போது வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், புகைக்குப் பின்னால் நிழலோ இருண்ட சுவரோ இருக்கட்டும். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் அதே நீலப் புகை பழுப்பாகத் தெரிந்து குழப்பும்.

நீலப் புகை என்றாலே வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை குபுக்கென்று வந்து நின்றால் அநேகமாக வால்வு சீல். பெட்ரோல் வண்டியில் இன்னொரு சோதனையும் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, இரண்டாம் கியரில் எஞ்சின் பிரேக்கிலேயே வருவோம். அப்போது எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் கூடி, தேய்ந்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். கல்லாறு தாண்டிச் சமவெளியில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் ஒரு நீல மேகம் கிளம்பும். இது செலவுதான், ஆனால் தாங்கக்கூடிய செலவு. வண்டி சூடான பிறகும் இழுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால் கதை வேறு. அது பிஸ்டனைச் சுற்றி இடுக்கை அடைக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்ததன் அடையாளம். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டு விட்டு அடிக்கும், நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்வது இதைத்தான். உறுதி செய்ய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளப்பார்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் ஆயில் ரிங்கின் இடுக்கை அடைத்திருக்கிறது, குற்றம் ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டிலோ. ஒரு ஸ்பூன் எண்ணெயில் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

காலை வெள்ளைப் புகையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். குளிர்ந்த சைலன்சரில் அது துளிகளாகச் சேர்ந்து சொட்டும், ஆவியாகவும் தெரியும். ஊட்டியில் இன்னும் அதிகம். சூடான பிறகும் நிற்காமல், லேசாகத் தித்திப்பு வாசனையோடு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்காலின் வாசனை அது. ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது என்று அர்த்தம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம் என்று கலந்து வரும் எஞ்சின்களில் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து நடுவிலிருக்கும் கேஸ்கெட்டைத் தேய்க்கும். ஒருமுறை ஓவர்ஹீட் ஆன வண்டியில் ஹெட்டே வளைந்திருக்கவும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்கும் எளிய வழியும் குளிர்ந்த எஞ்சினில்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது. மூடி தரும் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணத்தில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். காலையில் பயமில்லை. திறந்து நிறத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் விட்டுவிடலாம். அப்புறம் மூடியை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் அழுத்திக்கொண்டே இருங்கள், பெல்ட்டிலும் ஃபேனிலும் கை படாமல். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக விறைக்கிறது என்றால், வெடிப்பின் வாயு உள்ளே புகுந்து அழுத்துகிறது. சூடான வண்டியில் ஹோஸ் எப்படியும் விறைத்துத்தான் இருக்கும், வித்தியாசம் தெரியாது.

சாவியைத் திருப்பும்போது மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பையே யாரோ எடுத்திருக்கலாம்.

எல்லா நோயும் காலையிலேயே தெரிந்துவிடாது. எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால், கெட்டியான ஆயில் அதை மறைத்துவிடும். நன்றாகச் சூடாகி ஆயில் இளகிய பிறகு, ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால் அது பெரிய வேலை. ரேடியேட்டர் ஃபேன் நேரத்துக்குச் சுற்றுகிறதா, டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதா என்பதும் அரை மணி நேரம் ஓட்டினால்தான் தெரியும். ஆகவே குளிர்ந்த நிலையில் தொடங்கி, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை கூடவே இருங்கள். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதே இல்லை.

கிணத்துக்கடவு ஜென் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொண்டது. பின்னால் நின்ற நண்பர் கையை உயர்த்தினார். ஒரே ஒரு குபுக், மெல்லிய நீலம், உடனே நின்றுவிட்டது. அடியில் இடி இல்லை. ஹோஸ் மூன்று நிமிடம் வரை கைக்கு மெத்தென்றே இருந்தது. ரேடியேட்டரில் மட்டும் டீத்தண்ணி மாதிரி செம்பழுப்பு. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காகத் தோட்டத்துப் போர் தண்ணியையே ஊற்றியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே படிவு கட்டும், அரிக்கவும் செய்யும். கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான் அதில் கிடையாது. வீட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. வால்வு சீல், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் மூன்றுக்கும் கணக்குப் போட்டுச் சொன்னோம், அந்தத் தொகையைக் குறைத்துக்கொண்டார்.

ரேடியேட்டரை நானும் நண்பரும் சேர்ந்தே சுத்தம் செய்தோம். முதல் தடவை வடித்தபோது செம்மண் குழம்பு, இரண்டாம் தடவை மஞ்சள், நான்காம் தடவைதான் தெளிந்த தண்ணீர் வந்தது. பச்சைக் கூலன்ட் நிரப்பி, காற்றுக் குமிழெல்லாம் வெளியேறும் வரை மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டோம். அடுத்த வாரம் சீல் வேலையும் முடிந்தது. அதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு நண்பரிடமிருந்து போன். பேச்சு இல்லை. செல்ஃப் சத்தம், எஞ்சின் பிடிக்கும் சத்தம், அப்புறம் சீரான ஐட்லிங். ஒரு நிமிடம் கழித்துத்தான் குரல் வந்தது: "பின்னாடி நின்னுதான் பாக்கறேன். ஒண்ணுமே இல்லைங்க."