ஊருக்கு வந்து அலைனர் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

துபாய், சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று எங்கே இருந்தாலும், விடுப்பில் ஊருக்கு வரும்போது பல்லையும் பார்த்துக்கொண்டு போவது நம்மவர்களின் பழைய வழக்கம். பல் அடைப்பது, வேர் சிகிச்சை, கேப் போடுவது எல்லாம் பத்துப் பதினைந்து நாளில் முடிகிற வேலைகள். இப்போது அதே பட்டியலில் அலைனரும் (கோணல் பல்லை நகர்த்திச் சீராக்க, கம்பிக்குப் பதிலாகப் பல்வரிசை மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) சேர்ந்திருக்கிறது. "அங்கே ஐயாயிரம் டாலர் சொல்றாங்க டாக்டர், இங்கே லட்சத்துக்குள்ள முடியுமாமே?" முடியலாம். ஆனால் அந்தக் கணக்கில் எத்தனை விமான டிக்கெட் சேர்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

அமெரிக்காவில் அலைனருக்குப் பொதுவாக 3,000 முதல் 8,000 டாலர் வரை ஆகும். தமிழ்நாட்டு நகரங்களில் ஏறக்குறைய 60,000 ரூபாயில் தொடங்கி 3 லட்சம் வரை கேட்கிறார்கள். இன்விசலைன் என்ற பிரபல அலைனரைத் தயாரிக்கும் அலைன் டெக்னாலஜி நிறுவனம் 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. அதன் ஆரம்பகாலக் காப்புரிமைகள் 2017-ஐ ஒட்டிக் காலாவதியாகத் தொடங்கியதும் போட்டி நிறுவனங்கள் பெருகின, விலையும் இறங்கியது. பிளாஸ்டிக்கில் தர வித்தியாசம் உண்டுதான். ஒற்றை அடுக்குத் தகடு சீக்கிரம் இறுக்கம் இழக்கும், பல அடுக்குத் தகடு கொஞ்சம் தாங்கும். ஆனால் சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்ல. எந்தப் பல் எந்த வரிசையில், எவ்வளவு நகர வேண்டும் என்று கணினியில் திட்டம் போடுகிறவர் யார், நடுவில் பார்த்துத் திருத்துகிறவர் யார் என்பதுதான்.

அலைனர் என்பது வரிசையாக மாற்றிப் போடும் பல உறைகளின் தொகுதி; ஒவ்வொன்றையும் ட்ரே என்போம். ஒரு ட்ரே ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும். 24 ட்ரே என்றால், பத்து நாளுக்கு ஒன்றாக மாற்றினால் எட்டு மாதம். இது காகிதக் கணக்கு. திரையில் காட்டும் அசைவு அப்படியே வாயில் நடப்பதில்லை. இன்விசலைனைப் பற்றி 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதமே கிடைத்தது என்றது. 2020-இல் வந்த அடுத்த ஆய்வில் அது 50 சதவீதம். குறிப்பாக, உருண்டை வடிவக் கோரைப்பல்லையும் அதன் பின்னால் உள்ள சிறு கடைவாய்ப்பல்லையும் திருப்புவதில் ட்ரே தடுமாறும், பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அதனால் முதல் தொகுதி முடிந்ததும் மறுபடி வாயை ஸ்கேன் எடுத்து இன்னும் ஒரு தொகுதி செய்வது விதிவிலக்கல்ல, வழக்கம். இதை ரீஃபைன்மெண்ட் என்போம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டாவது பயணத்தை முதல் நாளிலேயே செலவில் எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லப்படும் தொகையில் எத்தனை ரீஃபைன்மெண்ட் அடக்கம், எத்தனை வருடத்துக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். "லைஃப்டைம்" என்ற வார்த்தை மட்டும் போதாது.

யாருக்கு இது ஒத்துவரும்? லேசான நெரிசல், முன்பற்களில் சிறு இடைவெளி, முன்பு கம்பி போட்டு, பிறகு ரிடெய்னரை (சீரான பல் நகராமல் பிடித்து வைக்கும் உறை) விட்டதால் மறுபடி கோணலான பல்: இவர்கள் வரலாம். பல் பிடுங்கி இடத்தை மூட வேண்டியவர்கள், எலும்புக்குள் புதைந்த கோரைப்பல் உள்ளவர்கள், தாடையே முன்பின்னாக இருப்பவர்கள், ஈறு நோயால் பல் ஆடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்துபோய் அலைனர் செய்துகொள்வதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. இருக்கும் ஊரிலேயே கூடுதல் பணம் கொடுத்துச் செய்வது அவர்களுக்கு முடிவில் மலிவாகவே வரும்.

வருவது என்று முடிவானால் குறைந்தது நான்கு வார விடுப்பு வேண்டும். வேலைகளின் வரிசை முக்கியம். பலரும் சறுக்குவது இங்கேதான். ஸ்கேன் எடுத்த பிறகு ஒரு பல்லை அடைத்தாலோ கேப் போட்டாலோ பல்லின் வடிவம் மாறிவிடும், வரும் ட்ரே உட்காராது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாளில் பரிசோதனை, ஓ.பி.ஜி. (எல்லாப் பற்களையும் காட்டும் எக்ஸ்ரே), பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் சுத்தம். அடைப்பு, கேப் வேலைகள் இருந்தால் அவற்றை முடித்துவிட்டுத்தான் ஸ்கேன். இம்ப்ளாண்ட் (இல்லாத பல்லுக்காக எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) மட்டும் இதற்கு நேர்மாறு. எலும்போடு பிணைந்துவிட்ட இம்ப்ளாண்டை எந்த ட்ரேயாலும் நகர்த்த முடியாது. "வந்ததோடு அதையும் போட்டுவிடுங்கள்" என்று கேட்டு முதலில் போட்டுக்கொண்டால், பிறகு பல்வரிசை முழுவதும் அதைச் சுற்றித்தான் அமைய வேண்டியிருக்கும். பல் சீரான பிறகே இம்ப்ளாண்ட். ஸ்கேன் போனபின் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தர ஓரிரு நாள், ட்ரே வர இரண்டு மூன்று வாரம். கடைசி வாரத்தில் அட்டாச்மெண்ட் எனப்படும், பல் நிறத்திலான சிறு மேடுகளை ஒட்டி, ட்ரேக்களைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

இடம் போதாத வாய்களில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய பட்டையால் சீவி இடம் உண்டாக்குவோம். ஓர் இடுக்கில் அதிகபட்சம் அரை மில்லிமீட்டர், அளவுத்தகடு நுழைத்துப் பார்த்துச் செய்வது. பயணிகளுக்காக எல்லாச் சீவலையும் முதல் நாளே முடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நேராக உள்ள பற்களில் அது சரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்களில் சரியான பக்கத்தைத் தொடவே முடியாது. அவசரப்பட்டுச் சீவினால் பல்லில் படி விழும், உணவு சிக்கும். அங்கே ஏழெட்டு ட்ரே கழித்துப் பற்கள் கொஞ்சம் விரிந்தபின்தான் சீவ வேண்டும். உங்கள் திட்டத்தில் எத்தனையாவது ட்ரேயில் சீவல் இருக்கிறது என்று கேளுங்கள். நடுவில் இருந்தால், அதைச் செய்துதர உங்கள் ஊரில் ஒரு பல் மருத்துவர் சம்மதிக்கிறாரா என்று கிளம்பும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். பிறர் தொடங்கிய அலைனரைத் தொடப் பலரும் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமும்தான்.

திரும்பிப் போகும்போது பெட்டியில் ட்ரேக்கள் மட்டும் இருந்தால் போதாது. அட்டாச்மெண்ட் ஒட்டப் பயன்பட்ட மெல்லிய டெம்ப்ளேட், சீவல் அட்டவணை, எக்ஸ்ரேக்கள், ஸ்கேனின் எஸ்.டி.எல். கோப்பு (பல்வரிசையின் முப்பரிமாண வடிவம்) எல்லாம் வேண்டும். பரோட்டா கடிக்கும்போதோ எலும்பு கடிக்கும்போதோ அட்டாச்மெண்ட் கழன்று விழுந்தால், டெம்ப்ளேட் இருந்தால் எந்தப் பல் மருத்துவரும் அரைமணியில் மறுபடி ஒட்டலாம். ட்ரேக்களை எப்போதும் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். வளைகுடா வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் வளைந்துவிடக்கூடும். வெந்நீரில் கழுவினாலும் அதே கதி.

தினமும் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு முறை பல் துலக்கல் போக மிச்சம் அதிகமில்லை. அலுவலகத்தில் நாலு தடவை டீ குடிக்கிறவர்தான் முதலில் பின்தங்குவார். ட்ரேயைப் போட்டுக்கொண்டே டீ குடித்தால் கறை, சர்க்கரை தேங்கிச் சொத்தை. பின்தங்கியதை எப்படி அறிவது? முன்பல்லின் நுனிக்கும் ட்ரேக்கும் நடுவே காற்றிடைவெளி தெரியும். அரை மில்லிமீட்டருக்குள் என்றால், மெல்லும் ரப்பர் உருளையைக் கடித்து ட்ரேயை அழுத்தி உட்கார வைத்து, அதே ட்ரேயில் இன்னும் ஒரு வாரம் இருங்கள். அதற்கு மேல் என்றால் அடுத்த ட்ரேக்குப் போகாதீர்கள்; புகைப்படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். தேதிப்படி மாற்றிக்கொண்டே போகிறவரின் இடைவெளி ஒவ்வொரு ட்ரேயிலும் பெருகும், ஒரு கட்டத்தில் மீதித் தொகுதி முழுவதும் குப்பைக்குத்தான். கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று படாமல் தூக்கி நின்றாலும், பல் ஒன்று கை வைத்தால் நன்றாக ஆடினாலும் காத்திருக்காதீர்கள், அங்கேயே நேரில் காட்டுங்கள்.

மருத்துவரைப் பார்க்காமல் தபாலில் வரும் அலைனர் இன்னும் மலிவுதான். ஆனால் அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் கையில் ட்ரேயோடு நின்றார்கள். எக்ஸ்ரே கூட இல்லாமல் பல்லை நகர்த்துவதை நாங்கள் சிகிச்சை என்றே ஏற்பதில்லை.

இங்கே வரும்போது மருத்துவரின் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பி.டி.எஸ். படித்தவரும் அலைனர் செய்யலாம். ஆனால் தொலைவிலிருந்து நடத்த வேண்டிய சிகிச்சைக்கு, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவர் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறாரா என்று உறுதி செய்யுங்கள். உள்ளூரிலேயே இருப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. உலோகக் கம்பி அலைனரில் பாதி விலைக்கும் கீழே முடியும், சிக்கலான பல்லை இன்னும் நன்றாகவே திருப்பும். சென்னை கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செலவு இன்னும் குறைவு, காத்திருப்பு மட்டும் நீளம்.

முடிந்த பிறகு ரிடெய்னர். முதல் சில மாதம் முழு நேரமும், பிறகு இரவில் மட்டும் போட வேண்டும். விட்டால் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். இரண்டு ஜோடி வாங்கிப் போங்கள். கடைசி ஸ்கேனின் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ரிடெய்னர் உடைந்தால் நீங்கள் இருக்கும் ஊரின் லேப் எதிலும் அதை வைத்து மாதிரி அச்சிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளலாம், அதற்காக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.