“படிப்ப நிறுத்திடுவாங்க அக்கா”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகர் வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கு என் வீடு தெரியும் என்பதால் அந்த வேலை ஐந்து மணியோடு முடிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு கல்லூரியில் படிக்கும் தோட்டத்துப் பெண் வந்து வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்தாள். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கீறல் விழுந்த கைப்பேசியை நீட்டினாள். விரிவுரையாளரின் வாட்ஸ்அப். முதலில் பகலில், ‘அசைன்மென்ட் அனுப்பியாச்சா?’ அப்புறம் இரவு பதினொன்றரைக்கு, ‘தூங்கிட்டியா?’ அதற்கும் கீழே, ‘பிராக்டிகல் மார்க் என் கையிலதான் இருக்கு, தெரியும்ல?’

எல்லாவற்றுக்கும் அவள் பதில், ‘ஓகே சார்’.

“நானும் பதில் போட்டிருக்கேனே, யாரு நம்புவா?” என்றாள். மார்க்கைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு பத்தொன்பது வயதுப் பெண் போடும் ‘ஓகே சார்’ சம்மதம் ஆகாது, அது பயம். விசாரணைக் குழுவில் உட்காரும் பெரியவர்களுக்கே இது சில நேரம் புரிவதில்லை. அடுத்துச் சொன்னாள்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. படிப்ப நிறுத்திடுவாங்க அக்கா.”

என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம் இந்தப் பயம்தான். தொல்லை கொடுத்தவனை விட, வீட்டுக்குத் தெரிந்தால் பெட்டியைக் கட்டச் சொல்வார்களே என்பதுதான் பெரிதாக நிற்கிறது. தோட்ட லயத்து வீடுகளிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவள், பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் வேறு. அதனால் ஹாஸ்டலில் சேர்த்துவிடும் அன்றே, “என்ன நடந்தாலும் ஒன் படிப்பு நிக்காது” என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பையன்களிடமும்தான்; அவர்களுக்கும் நடக்கிறது, அவர்கள் இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள்.

கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு அறிமுக வாரத்தில் பெண் பிள்ளைகளின் உடையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். விரிவுரையாளர்கள் இரவில் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, பாட விஷயம் வகுப்புக் குழுவில்தான் போக வேண்டும் என்று ஒரு வரி விதி கிடையாது. புகார் வந்தால், “பேசி முடிச்சிக்கலாமே.” புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மெசேஜ்களை அழிக்க வேண்டாம்; தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கல்லூரி இழுத்தடித்தால் வேறு வழி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றம் உண்டு. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, விசாரணை மூடிய அறையில் நடக்கும். தொல்லை கொடுத்தவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இழப்பீடும் கொடுக்கச் சொல்லலாம். விடாமல் பின்தொடர்ந்து மிரட்டுவது 2023 முதல் தண்டனைச் சட்டத்திலேயே தனிக் குற்றம்.

உடல்ரீதியான பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம். பதற்றத்தில் நம் அம்மாக்கள் முதலில் செய்வது, பிள்ளையைக் குளிக்க வைத்து, துணியை ஊறப் போடுவது. ஆதாரம் அதோடு போய்விடும். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நேராக அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இதற்கென்றே ‘ஓ.எஸ்.சி.சி.’ (One Stop Crisis Centre) என்ற, எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் சேவை இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், ‘தாலியான் காசிஹ்’ (Talian Kasih) அரசாங்க உதவித் தொலைபேசி 15999, 24 மணி நேரமும்.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்துத் தன் அம்மாவிடம் தானே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்தவர், கையைக்கூடக் கழுவவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மகளைப் பார்த்துக் கேட்டார்:

“திங்கக்கெழமை பஸ்ஸுக்குக் காசு வச்சிருக்கியா?”