மேயரிடம் எதைக் கேட்கலாம்? தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மேயரின் பணியும் வரம்பும்

தெருவிளக்கு எரியாவிட்டாலும் மேயரிடம் மனு, ரேஷன் கடையில் சர்க்கரை இல்லாவிட்டாலும் மேயரிடம் மனு என்பது நம் வழக்கமாகிவிட்டது. முதல் மனு சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது, உணவுப்பொருள் வழங்கல் துறைக்குப் போக வேண்டியது. மேயர் அதை வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

மேயர் என்பவர், மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர்கள் அடங்கிய மாமன்றத்தின் தலைவர். மாநகராட்சியின் நிர்வாகத்தை நடத்துபவர் ஆணையர். அவரை நியமிப்பது மாநில அரசு. ஊழியர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்குவது, வரி கட்டாதவருக்கு நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் ஆணையரின் பொறுப்பிலும் அவர் பெயரிலும் நடப்பவை. ஆகவே, "நாளைக்கே இந்தத் தெருவுக்குச் சாலை போடுங்கள்" என்று மேயர் தன்னிச்சையாக உத்தரவு போட்டுவிட முடியாது. பிறகு எதற்கு மேயர் என்று கேட்டால், பதில் மாமன்றக் கூட்டத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும் இந்தக் கூட்டத்தை நடத்துவதுதான் மேயரின் முதன்மையான வேலை. ஆணையர் அலுவலகம் தயாரிக்கும் ஒவ்வொரு முன்மொழிவும் 'பொருள்' என்ற பெயரில் கூட்டத்துக்கு வரும். மழைநீர் வடிகால் கட்டுவது, பூங்காவைப் பராமரிக்க ஆள் அமர்த்துவது, குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுப்பது என எதுவாகவும் அது இருக்கலாம். உறுப்பினர்கள் பேசுவார்கள், எதிர்ப்பார்கள், சில வேளைகளில் வெளிநடப்பும் செய்வார்கள். யாருக்குப் பேச நேரம் கொடுப்பது, எந்தப் பொருளை ஒத்திவைப்பது, எதை நிறைவேறியதாக அறிவிப்பது என்பதெல்லாம் தலைமை வகிக்கும் மேயரின் கையில் இருக்கிறது. நூறு பொருள்கள் கொண்ட பட்டியல் அரை மணி நேரத்தில் 'நிறைவேற்றப்பட்டது' என்று முடிந்தால், அங்கே மேயர் தன் அதிகாரத்தில் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நான் சொல்வேன். தீர்மானம் ஆன பிறகு கேள்வி கேட்பதைவிட, அதற்கு முன் கேட்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

நிதிநிலை அறிக்கையும் இதே மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். உறுப்பினர்களில் சிலரைக் கொண்ட நிலைக்குழுக்கள் தனியாகக் கூடி வரவு செலவு, சுகாதாரம், கல்வி, பணிகள் ஆகியவற்றைப் பார்க்கும்.

கூட்டம் இல்லாத நாட்களில் மேயர் ஆய்வுக்குப் போவார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கால்வாய் தூர்வாரும் பணி, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், குப்பைக் கிடங்கு ஆகியவற்றைப் பார்வையிடுவார். பல மாநகராட்சிகளில் மேயர் தலைமையிலேயே குறைதீர் கூட்டம் நடக்கிறது. சென்னையில் 2023-இல் 'மக்களைத் தேடி மேயர்' என்ற திட்டம் தொடங்கி, மண்டலங்களுக்கே சென்று மனு வாங்கினார்கள். அங்கி, சங்கிலி அணிந்து விழாக்களில் நிற்பதும் உண்டு. செய்தித்தாளில் அதிகம் வருவது அந்தப் படம்தான். இந்தப் பணிக்கு மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம் என்று 2023-இல் அரசு அறிவித்தது.

இனி வரம்புகள். மின்வெட்டு மின்வாரியத்தைச் சேர்ந்தது. போக்குவரத்து நெரிசலைக் காவல் துறை கவனிக்க வேண்டும். சாலையில் பள்ளம் இருந்தால், அது மாநகராட்சிச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஊரில் இரண்டும் இருக்கும். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. மற்ற ஊர்களில் குடிநீர் விநியோகம் பெரும்பாலும் மாநகராட்சியையே சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் மேல், மன்றத் தீர்மானத்தையே நிறுத்திவைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. 2022-இல் சொத்து வரி உயர்வை முதலில் அறிவித்தது மாநில அரசு. மாமன்றங்கள் பின்னர் தீர்மானம் போட்டன. ஆனால் மக்களின் திட்டு முழுவதும் வார்டு உறுப்பினருக்கும் மேயருக்கும்தான் விழுந்தது.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இங்கே நிலையாக இருந்ததில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006-இலும் 2022-இலும் மாமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுகத் தேர்தலில் வந்த மேயர், உறுப்பினர்களின் ஆதரவு இருக்கும்வரைதான் உறுதியாக இருக்க முடியும். 2022-இல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தச் சொல்கிறது. இருந்தும் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மேயரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகத்தை நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலானது. ஆனால் வடிகால் திட்டம் ஏன் இந்தத் தெருவை விட்டுவிட்டது என்று பொதுவெளியில் கேட்டுப் பதில் வாங்க ஒருவரும் இல்லை.

எனவே, அன்றாடக் குறைகளுக்கு மாநகராட்சியின் புகார் எண்ணே விரைவான வழி. சென்னையில் அது 1913. அங்கு தீராவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வார்டுக்கு ஒரு பணி வேண்டுமென்றால் வார்டு உறுப்பினரிடம் சொல்லி அதை மன்றத்தில் பேச வையுங்கள். வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள மக்களைக் கூட்டி 2022 நவம்பர் 1 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களிலும் இதை எழுப்பலாம். பல வார்டுகளைத் தொடும் சிக்கல், அதிகாரிகள் பதிலே சொல்லாத புகார், நிறைவேறியும் கிடப்பில் கிடக்கும் தீர்மானம் ஆகிய மூன்றையும் மேயரிடம் கொண்டு போங்கள். தீர்மான எண்ணும் தேதியும் மனுவில் இருக்கட்டும். அவை கிடைக்கவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்டுப் பெறலாம்.