கப்பல் அட்டைக்குள் காசு இல்லை

வெள்ளவத்தையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து நான்கு நாள் உல்லாசக் கப்பலில் போய்வந்த அக்காவும் அத்தானும், ஊர் திரும்பிய மறுநாள் காலி வீதியிலுள்ள ஏரிஎம் ஒன்றில் பணம் எடுக்கப் போனார்கள். கப்பலில் அவர்களுக்கு வந்த கட்டணம் 180 டொலர். கணக்கிலோ அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தொகை குறைந்து காணப்பட்டது. கணக்குக் கூற்றில் 180 டொலருக்கான பதிவைத் தவிர வேறெதுவும் இல்லை. வங்கிக்குத் தொலைபேசியில் பேசிய அத்தானுக்கு, "உங்கள் காசு எங்கும் போகவில்லை, ஆனால் இப்போது எடுக்கவும் முடியாது" என்று பதில் கிடைத்தது.

அந்தப் பதில் முற்றிலும் சரியானது. அது விளங்க வேண்டுமானால், அட்டையால் பணம் செலுத்துவது ஒரு செயலன்று, காலத்தால் பிரிந்த இரண்டு செயல்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். புறக்கோட்டைக் கடையொன்றில் நாம் அட்டையைச் செருகும்போது, கடையின் அட்டை இயந்திரம் கடைக்காரரின் வங்கியிடம் கேட்கிறது. அந்த வங்கி, வீசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பின் வழியாக நமக்கு அட்டை தந்த வங்கியிடம் கேட்கிறது. சில வினாடிகளில் ஒப்புதல் திரும்பி வருகிறது. ஆனால் அப்போது பணம் கைமாறுவதில்லை. நம் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்ப்பது ஓரிரு நாள்கள் கழித்தே நடக்கும்.

கடலில் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் இன்னும் நீள்கிறது. கரையை விட்டு விலகிய கப்பலுக்குச் செய்மதியே வழி. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு ஏறி இறங்க ஒரு சமிக்ஞைக்குக் கால் வினாடியளவு பிடிக்கும். கேள்வியும் பதிலுமாகச் சேர்த்தால் அரை வினாடி. அது தடையே அல்ல. இணைப்பு இடையிடையே அறுவதும், ஆயிரக்கணக்கான பயணிகள் அந்த ஒரே வழியைப் பங்கிடுவதுமே சிக்கல். ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் புதிய செய்மதிகள் இதைப் பெரிதும் தணித்திருந்தாலும், கப்பல்களின் பழைய ஏற்பாடு மாறவில்லை.

அந்த ஏற்பாடு எளிமையானது: ஒவ்வொரு தேநீருக்கும் வங்கியைக் கேட்பதில்லை. ஏறும்போது பயணிக்கு ஓர் அட்டை தரப்படுகிறது. அறைக் கதவைத் திறப்பதும் அதுவே, உணவகத்தில் நீட்டுவதும் அதுவே. அதற்குள் பணம் கிடையாது, ஓர் அடையாள எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண்ணுக்கெதிரே கப்பலின் சொந்தக் கணினி பற்று எழுதிக்கொண்டே போகிறது. நம்மூர்க் கடைக்காரரின் கடன் கொப்பி போலத்தான். கொப்பிக்குப் பிணையாக நம் வங்கி அட்டை நிற்கிறது என்பதே வேறுபாடு.

பயணி எவ்வளவு செலவழிப்பார் என்பது கப்பலுக்குத் தெரியாது. ஆகவே ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைக்குமாறு வங்கியைக் கேட்கிறது. செலவு அதைத் தாண்டும்போது மீண்டும் கேட்கிறது. இறுதிக் கட்டணம் புதிய கொடுக்கல் வாங்கலாக வந்து, பழைய பிடிப்புகளோடு பொருந்தாமல் போனால், அவை தம் காலம் முடியும்வரை கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். கடனட்டையில் இது கடன் எல்லையைத்தான் தின்னும். டெபிட் அட்டையில் நம் சொந்தச் சேமிப்பைத் தின்னும். அத்தான் கொடுத்தது டெபிட் அட்டை. என்னைக் கேட்டால், கப்பலுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கடனட்டை இல்லாதவர், கப்பல் அனுமதித்தால், ரொக்கத்தை வைப்பாகக் கட்டிவிட்டு மீதியைக் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

வங்கியைக் கேட்காமலே ஒப்புதல் தரும் ஆற்றல் அட்டையில் பதிந்துள்ள சில்லுக்கும் (சிப்) உண்டு என்பது பலர் அறியாதது. தொகை, திகதி, இயந்திரம் அப்போதைக்கு உருவாக்கித் தரும் ஓர் எண், சில்லின் உள்ளே ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் எண்ணிக்கை ஆகியவற்றைத் தன் இரகசியச் சாவியோடு கலந்து, சில்லு ஒரு முத்திரை எண்ணை உருவாக்குகிறது. சாவி வெளியே வருவதே இல்லை. பின்னர் வங்கி அந்த முத்திரையைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் தொடர்பின்றி எத்தனை முறை, எவ்வளவு தொகை என்பதை வங்கியே வரையறுக்கிறது, பல அட்டைகளில் அறவே தடுத்தும் விடுகிறது. இணைப்பற்ற துறைமுகக் கடையில், கணக்கில் பணம் இருந்தும் அட்டை மறுக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

நாணயமாற்று வீதமும் இதே இடைவெளியில்தான் நுழைகிறது. பெரும்பாலும் வாங்கிய நாளின் வீதமல்ல, கணக்குத் தீர்க்கும் நாளின் வீதமே நம் தலையில் விழும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாள்களில் இரண்டு நாள் தாமதமும் விலைதான். கரையிலுள்ள கடையில் அட்டை இயந்திரம் "இலங்கை ரூபாவில் செலுத்துகிறீர்களா?" என்று கேட்பது வேறு கதை. ஆம் என்றால், மாற்று வீதத்தை நிர்ணயிப்பது கடைப்பக்கத்துச் சேவை. அதன் இலாபமும் வீதத்துக்குள் ஒளிந்திருக்கும். அந்நாட்டு நாணயத்தையே தெரிவுசெய்வது பெரும்பாலும் மலிவு.

இவ்வளவுக்குப் பின்னும் கொஞ்சம் ரொக்கம் வேண்டும்: துறைமுக வாசலிலுள்ள வாடகை வண்டிக்காரருக்கும், இளநீர் விற்பவருக்கும். கோட்டையில் அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடம் டொலர் வாங்கும்போது, சிறிய தாள்களாக, கிழிசலோ மைக்கறையோ இல்லாதவையாகக் கேட்டு வாங்குவது நல்லது. பழுதான தாளை வெளிநாட்டில் பலர் தொடவே மாட்டார்கள். இலங்கை ரூபாவைக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்று நம்பியிருப்பதும் வீண். இணையத்தில் செலுத்த வேண்டியவற்றைப் புறப்படுமுன்னரே செலுத்திவிடுவதும் உதவும். கடவுச்சொல் தாங்கிய குறுஞ்செய்தி நடுக்கடலில் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அத்தானின் இருப்பு பன்னிரண்டாம் நாள் காலையில் தானாகவே சரியாயிற்று. அதற்குக் குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை. வங்கியின் கணக்கில் அன்று பணம் வரவுமில்லை, போகவுமில்லை.